ஒசூர் எல்லையில் திறந்த இணையம்: பங்கேற்றவர் யார்?

'திறந்த இணையம்' என்ற தொடர் தமிழில் இரு பொருளில் வழங்குகிறது. கம்பியையும் அலைக்கற்றையையும் கையில் வைத்திருக்கும் நிறுவனம் எந்தத் தளத்தையும் தடுக்காமல், எதற்கும் முன்னுரிமை தராமல், எல்லாவற்றையும் ஒரே விதமாகக் கடத்த வேண்டும் என்பது முதற்பொருள். இதை இணையச் சமநிலை என்கிறோம். அந்தக் கம்பியின் வழியே வந்து சேரும் அறிவு யாருடைய தனிச்சொத்தாகவும் இல்லாமல், எவரும் படிக்கவும் திருத்தவும் படியெடுக்கவும் உரியதாக இருக்க வேண்டும் என்பது இரண்டாம் பொருள். மதுரைத் திட்டம், விக்கிப்பீடியா, நூலகம், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போன்றவை இந்த வகை. முதலாவதற்காக 2015, 2016 ஆண்டுகளில் இந்தியாவில் பெரும் இயக்கம் நடந்து வெற்றி பெற்றது. இரண்டாவதற்காகத் தமிழர்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாக அதிகச் சத்தமில்லாமல் உழைத்து வருகிறார்கள்.

இரண்டையும் பற்றிய பேச்சில் தவறாமல் வரும் சொல் 'சமூகப் பங்கேற்பு'. அந்தச் சமூகத்தில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்ற கேள்வியை ஓரிடத்தில் நின்று கேட்டால்தான் விடை கிடைக்கும். ஒசூர், கிருஷ்ணகிரித் தொழில் எல்லைப் பகுதி அதற்குப் பொருத்தமான இடம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், சென்னையிலிருந்து 300 கி.மீ.க்கும் அப்பால் உள்ள ஊர் இது. 1965 வரை சேலம் மாவட்டத்திலும், பிறகு தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருந்து வருகிறது. சிப்காட் இங்கே 1970களிலேயே காலூன்றியது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் தொடங்கி அண்மையில் டாடா எலக்ட்ரானிக்ஸ் வரை ஆலைகள் வந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் வீட்டுமொழிகளாக உள்ள பகுதி இது. இவற்றோடு ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டுவந்த ஒடியா, இந்தி, போச்புரி, வங்காளம் ஆகியவையும் சேர்ந்துகொண்டன.

ஆறு மாநிலச் சேவை

2015 பிப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'இன்டர்நெட்.ஆர்க்' என்ற சேவையை இந்தியாவில் தொடங்கியது. முப்பதுக்குச் சற்று மேற்பட்ட தளங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்; மற்ற இணையத்துக்குக் காசு கட்ட வேண்டும். முதற்கட்டத்தில் ஆறு மாநிலங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றில் தமிழ்நாடு இருந்தது, கர்நாடகம் இல்லை.

இதன் பொருளை எல்லையில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஜூஜூவாடியில் வாங்கிய சிம்முக்குக் கிடைத்த 'இலவச இணையம்' சோதனைச்சாவடிக்கு அப்பால் அத்திப்பள்ளியில் வாங்கிய சிம்முக்கு இல்லை. இலவசப் பட்டியலில் 'பாபாஜாப்' என்ற வேலைவாய்ப்புத் தளம் ஒன்று. வீட்டுவேலை, ஓட்டுநர் வேலை, காவலர் வேலை தேடுவோருக்கானது. அது பெங்களூர் நிறுவனம். அதைப் பெங்களூர்த் தொழிலாளி காசு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும், ஒசூர்த் தொழிலாளி இலவசமாகப் பார்க்கலாம். எல்லையோர மக்களுக்கு இந்த வகைக் குழப்பம் புதிதல்ல. 2017-இல் ரோமிங் கட்டணம் ஒழியும்வரை வீட்டு மாடியில் ஒரு மாநிலத்தின் சமிக்ஞையும் கீழ்த்தளத்தில் இன்னொன்றும் பிடிக்கும் ஊர்களில் அவர்கள் கைப்பேசித் திரையை ஓரக்கண்ணால் பார்த்தபடியே பேசிப் பழகியவர்கள்.

அதே 2015 மார்ச் மாத இறுதியில் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இணையச் சேவைகளை ஒழுங்குபடுத்துவது பற்றிக் கருத்துக் கேட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்மடல்கள் குவிந்தன. ஏப்ரலில் ஃபிளிப்கார்ட் 'ஏர்டெல் ஜீரோ' திட்டத்திலிருந்து விலகியது, கிளியர்டிரிப், என்.டி.டி.வி. ஆகியவை இன்டர்நெட்.ஆர்க் பட்டியலிலிருந்து தங்கள் பெயர்களை நீக்கிக்கொண்டன. சேவை 'ஃப்ரீ பேசிக்ஸ்' எனப் பெயர் மாறியது. 2015 டிசம்பரில் டிராய் மறுபடி கருத்துக் கேட்டபோது பேஸ்புக் தன் பயனர்களையே கடிதம் எழுத வைத்தது. இந்த முறை இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. பெரும்பகுதி ஒரே வார்ப்பில் ஊற்றியவை. கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் விடை இல்லை என்றும், கலந்தாய்வு என்பது ஏற்பாடு செய்த வாக்கெடுப்பு அல்ல என்றும் டிராய் கடிந்துகொண்டது. 2016 பிப்ரவரி 8-ஆம் நாள் வெளியான ஒழுங்குமுறை, உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு விலை வைப்பதைத் தடை செய்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிக அளவாக 50 இலட்சம் ரூபாய் தண்டம். சில நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டு வெளியேறியது.

இந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றைப் பொதுமக்களின் கடிதங்கள் நிறுத்தின. ஆனால் அது எப்படிப்பட்ட பங்கேற்பு என்று கேட்க வேண்டும். டிராயின் கலந்தாய்வு ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை எளிமைப்படுத்தி இளைஞர்களிடம் கொண்டுசேர்த்த நகைச்சுவைக் காணொளி ஆங்கிலமும் இந்தியும் கலந்தது. கடிதமும் ஆயத்த வடிவில் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எதிர்த்தரப்பின் வார்ப்புக் கடிதத்தை நாம் எள்ளி நகைத்தோம், நம் தரப்புக் கடிதமும் பெரும்பாலும் வார்ப்புதான். இரு தரப்பும் ஏழையின் பெயரால் பேசின. இணையமே இல்லாதவருக்கு இதுவாவது கிடைக்கட்டும் என்றது ஒரு தரப்பு. ஏழைக்கு மட்டும் ஏன் வேலி போட்ட இணையம் என்றது மற்றது. இரண்டாவது வாதமே சரி என்பது என் எண்ணம். ஆனால் வாதத்தின் பொருளாக இருந்த தொழிலாளியிடம், முதற்கட்டச் சோதனை நடந்த ஆறு மாநிலங்களில் ஒன்றான தமிழ்நாட்டில்கூட, தமிழில் யாரும் கேள்வி கேட்கவில்லை. டிராய் விடை தேடிய கேள்விகளும் அவருக்கு எட்டவில்லை.

இங்கே ஒரு சங்கடமான இணைப்பையும் சொல்லியாக வேண்டும். கட்டற்ற அறிவின் அடையாளமான விக்கிப்பீடியாவும் இந்த விலைப்பாகுபாட்டுக்கு வெளியே நிற்கவில்லை. 2013-இல் ஏர்செல் நிறுவனத்தோடு சேர்ந்து 'விக்கிப்பீடியா ஜீரோ' இந்தியாவில் தொடங்கப்பட்டது. ஏர்செல் சந்தாதாரர் விக்கிப்பீடியாவை மட்டும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நோக்கம் நல்லது, முறை ஃப்ரீ பேசிக்ஸ் போன்றதே. விக்கிமீடியா நிறுவனம் உலக அளவில் இத்திட்டத்தை 2018-இல் கைவிட்டது. இதைப் பற்றித் தமிழ் ஆர்வலர் வட்டத்தில் நடந்திருக்க வேண்டிய அளவு விவாதம் நடக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டு வதந்திகள்

2016 செப்டம்பர் 5-ஆம் நாள் இரண்டு நிகழ்வுகள் நேர்ந்தன. ஜியோ நிறுவனம் இலவசத் தரவோடு வணிகச் சேவையைத் தொடங்கியது. அதே நாளில் காவிரியில் பத்து நாட்களுக்கு நொடிக்கு 15,000 கன அடி நீர் திறக்குமாறு கர்நாடகத்துக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அடுத்த ஒரு வாரத்தில் இரண்டும் எல்லையில் சந்தித்தன. கன்னட நடிகர்களைக் கேலி செய்து பேஸ்புக்கில் பதிவிட்டதற்காகத் தமிழ் இளைஞர் ஒருவர் பெங்களூரில் தாக்கப்பட்ட காணொளி பரவியது. பதிலுக்குத் தமிழ்நாட்டில் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள் தாக்கப்பட்ட காட்சிகள் பரவின. செப்டம்பர் 12-ஆம் நாள் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே வண்டிகள் நின்றன. மக்கள் பைகளையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு எல்லையை நடந்தே கடந்தார்கள்.

இரண்டாவது 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. வேறு மாநிலங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த அடிதடிகளின் படங்கள் தமிழ்நாட்டில் நடந்தவையாகக் காட்டப்பட்டன. காவல்துறை மறுத்தது, வழக்குப் பதிந்தது. மாவட்ட நிர்வாகங்கள் இந்தியில் அறிவிப்பு வெளியிட்டன. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அதற்குள் தொழில் நகரங்களில் அச்சம் வேலையைச் செய்துவிட்டது.

இரு நிகழ்வுகளிலும் எந்தத் தளமும் தடுக்கப்படவில்லை. எதற்கும் கூடுதல் விலை வைக்கப்படவில்லை. சட்டத்தின் பார்வையில் இணையம் முழுமையாகத் திறந்தே இருந்தது. ஆனால் தொழிலாளியின் கையில் இருந்த இணையம் இரண்டு மூன்று செயலிகள்தான். அவற்றில் வந்த செய்தியைச் சரிபார்க்க அவர் மொழியில், அவர் இருக்கும் ஊரைப் பற்றி, யாரும் நம்பத்தக்க பக்கம் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே அறை காலி. 2016-இல் வென்ற சட்டம் கதவைப் பற்றியது மட்டுமே. அறையை நிரப்புவது சட்டத்தால் ஆகாது. அதற்கு எழுதுகிற கைகள் வேண்டும்.

மேலே நுரை, கீழேயும் நுரை

அறை காலியாக இருப்பதால் என்ன இழப்பு என்பதற்கு வதந்தியைவிட நீடித்த சான்று ஒன்று இப்பகுதியில் இருக்கிறது. ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீர் வெள்ளை நுரையாகப் பொங்கி வருவதை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஆண்டுதோறும் பார்க்கலாம். மழை பெய்து நீர்வரத்து கூடினால் நுரையும் கூடும். பெங்களூரின் கழிவுநீரும் ஆலைக் கழிவும் ஆற்றில் கலப்பதே காரணம் என்பது ஊர்மக்களின் நெடுநாள் புகார். அந்த நீர்தான் இடதும் வலதுமான கால்வாய்களில் வயலுக்குப் போகிறது, கீழே கிருஷ்ணகிரி அணைக்கும் போகிறது.

இதே ஆற்றுத்தொகுதியின் மேற்பகுதியில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் உள்ளன. பெல்லந்தூர் ஏரி நுரைத்ததும், 2017-இலும் 2018-இலும் அதில் தீப்பிடித்ததும் உலகச் செய்தி ஆயின. அங்கே குடியிருப்போர் சங்கங்கள், ஆய்வாளர்கள், மென்பொருள் பணியாளர்கள் எனப் பலர் தேதியிட்ட படங்களையும் நீர்ச்சோதனை முடிவுகளையும் திரட்டினார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் விரிவான கட்டுரை உருவானது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வழக்காக எடுத்துக்கொண்டது. நுரை ஒன்றுதான், நீரும் ஒன்றுதான். மேலே உள்ள நுரைக்குப் பொதுவில் கிடைக்கும் ஆவணம் இருக்கிறது. கீழே உள்ள நுரைக்கு வாட்ஸ்அப் காணொளிகள்தான் இருக்கின்றன, அவையும் கைப்பேசி மாறும்போது அழிந்துபோகின்றன.

கெலவரப்பள்ளி உழவர் எதையும் பதிவு செய்யவில்லை என்பதல்ல இதன் பொருள். அவர் பதிவு செய்கிறார். மதகின் மேல் நின்று படம் எடுக்கிறார், ஊர்க் குழுவில் போடுகிறார், நாற்பது பேர் பார்க்கிறார்கள். அந்தப் படத்துக்குத் தேதி இல்லை, இடக்குறி இல்லை, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமம் இல்லை. ஐந்தாண்டு கழித்து, எந்தெந்த மாதங்களில் நுரை வந்தது என்று ஒரு மாணவர் அட்டவணை போட நினைத்தால் எங்கும் தேட முடியாது. பங்கேற்பு நடந்திருக்கிறது, ஆனால் அது ஒரு தனியார் நிறுவனத்தின் மூடிய அறைக்குள் நடந்திருக்கிறது. இணையத்தை மீட்பது என்ற பெரிய சொல்லுக்கு இந்தப் பகுதியில் இருக்கக்கூடிய மிக எளிய பொருள், அந்த ஒரு படத்தைத் தேதியோடும் உரிமத்தோடும் பொதுவில் வைப்பதுதான்.

மறுபடி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இதைச் செய்ய வேண்டிய கட்டற்ற தளங்களும் அவரை வரவேற்கும் நிலையில் இல்லை.

கைக்குழாய்க் கணக்கு

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி, 2017-இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அந்த வளர்ச்சியில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிக் கட்டுரைகளின் பங்கு பெரிது. தமிழ்நாட்டு ஊரக வளர்ச்சித் துறையின் தரவை வைத்துத் தானியங்கி நிரலால் உருவாக்கப்பட்டவை அவை. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊராட்சிகளும் அவற்றில் அடக்கம். ஏதேனும் ஒன்றைத் திறந்து பாருங்கள். எந்த ஒன்றியம், எந்தச் சட்டமன்றத் தொகுதி, 2011 கணக்கெடுப்பின்படி ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று வரும். பிறகு ஓர் அட்டவணை: குடிநீர் இணைப்புகள், கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், சந்தைகள், ஊராட்சிச் சாலைகள், சுடுகாடுகள். கடைசியில் சிற்றூர்களின் பட்டியல்.

இந்தப் பணியைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு இல்லை. சிற்றூர்ப் பட்டியல் ஒன்றுக்காகவே அது மதிப்புள்ளது. ஆலைக்கு நிலம் எடுத்த பின் பல சிற்றூர்களின் பெயர் பேருந்து நிறுத்தமாகவோ ஆலையின் வாயில் எண்ணாகவோ சுருங்கிவிடும். பெயராவது எங்கோ எழுத்தில் இருக்கட்டும். குறை வேறிடத்தில் இருக்கிறது. இக்கட்டுரைகள் எழுந்து பல ஆண்டுகள் ஆகியும் பெரும்பாலானவற்றில் மனிதக் கை படவில்லை. ஏரியின் பெயர் இல்லை, நடுகல் இருந்தால் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, எந்த மொழி பேசுகிறார்கள் என்பது இல்லை, ஆலை வந்தது எப்போது என்பது இல்லை. ஊரைப் பற்றி அரசு அறிய விரும்பிய விவரங்கள் இருக்கின்றன, ஊரார் அறிந்தவை இல்லை.

ஏன் ஊரார் வந்து சேர்க்கவில்லை? 2017-இல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியா பயிற்சி அளிக்கப்பட்டது. பலர் எழுதினார்கள், சிலர் நிலைத்தார்கள். ஆசிரியர் அல்லாதவர் வரும்போது முதலில் மோதிக்கொள்வது சான்று விதியோடு. எழுதிய எதற்கும் நம்பத்தக்க வெளியீடு ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற விதி கலைக்களஞ்சியத்துக்குத் தேவையானதே. அது இல்லையென்றால் 2023-இன் பொய்க் காணொளிகளும் கட்டுரையாகிவிடும். ஆனால் கெலமங்கலத்துப் பாட்டிக்கு ஏரிக் கால்வாய் எந்தத் திசையில் ஓடியது என்று தெரியும். எந்த நூலிலும் அது இல்லை. விதி சரியாக இருந்தும் அறிவு வெளியே நிற்கிறது. இதற்கான தீர்வு விதியைத் தளர்த்துவதல்ல. அந்தப் பேச்சைப் பதிவு செய்து வெளியிடும் வேறொரு பொதுக் களம் வேண்டும். விக்கிப்பீடியா பிறகு அதை மேற்கோளாகக் கொள்ளட்டும்.

யாருடைய தேவைக்காக எழுதுகிறோம் என்ற கேள்வியைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் முன்பே ஒரு முறை கூர்மையாகச் சந்தித்திருக்கிறார்கள். 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் ஏற்றியது. தலைப்புகளைத் தேர்ந்தெடுத்தது நிறுவனம். மேற்கத்திய பாடகர்களும் மருந்துப் பெயர்களும் நீண்ட கட்டுரைகளாக வந்தன. தமிழ் நடை இயந்திரத்தனமாக இருந்தது. உரையாடல் பக்கத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இல்லை. தமிழ்ச் சமூகம் அத்திட்டத்தை வெறுமனே விரட்டவுமில்லை, வாய்மூடி ஏற்கவுமில்லை. தரத்துக்கு நிபந்தனை வைத்தது, தலைப்புகளைத் தானே பரிந்துரைத்தது, குறைகளைப் பன்னாட்டு விக்கிமேனியா மாநாட்டில் எடுத்துரைத்தது. பொத்தான் அழுத்தி அனுப்பிய பத்து இலட்சம் கடிதங்களைவிட, சில பத்துப் பேர் நடத்திய அந்த நச்சரிப்பான பேச்சுவார்த்தையே பங்கேற்பு என்ற சொல்லுக்கு அதிகம் தகும். பின்னர் வந்த வேங்கைத் திட்டத்திலும் கூகுள் மடிக்கணினியும் இணையச் செலவும் தந்து துணை நின்றது. இம்முறை எழுதியவர்கள் தன்னார்வலர்கள். உதவியை ஏற்கும்போது கடிவாளம் யார் கையில் என்பதே கேள்வி.

ஒசூரா, ஓசூரா

ஊரின் பெயரிலேயே பங்கேற்பின் சிக்கல் ஒளிந்திருக்கிறது. கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய, முதலெழுத்து குறில். அதன்படி 'ஒசூர்' பொருந்தும். 'ஓசூர்' என்ற நெடில் வடிவமும் பலகைகளிலும் அச்சிலும் பரவலாக வேரூன்றிவிட்டது. மாவட்டத்தின் பெயரையும் கிருஷ்ணகிரி என்றும், கிரந்தம் தவிர்த்து கிருட்டிணகிரி என்றும் எழுதுவோர் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்து பற்றிய விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. தனித்தமிழ் விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பேருந்துப் பலகையில் ஒரு பெயரும் கலைக்களஞ்சியத்தில் வேறொரு பெயரும் இருந்தால், தேடி வரும் மாணவர் தன் ஊரையே அடையாளம் காணாமல் திரும்பிப் போவார். ஜூஜூவாடியில் பிறந்தவர் தன் ஊரைத் தமிழெழுத்தில் எப்படி எழுதுகிறாரோ அதற்கு முதலிடம் கொடுப்பதில் மொழிக்கு இழுக்கு எதுவும் இல்லை.

அரசும் இதில் நல்ல முன்மாதிரி அல்ல. 2020 ஜூன் மாதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் திரும்பப் பெற்றது. தனியார் வரைபடத்திலோ பெயரை முடிவு செய்வது நிறுவனம். நாம் 'பிழை' என்று தெரிவிக்கலாம், முடிவில் நமக்குப் பங்கில்லை.

இந்த ஒரு விஷயத்தில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் அமைப்பு எல்லைப் பகுதிக்கு மிகவும் ஏற்றது. அதில் ஓர் ஊரின் புள்ளிக்குத் தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், தெலுங்குப் பெயர், பழைய பெயர், மாற்றுப் பெயர் என்று தனித்தனிப் புலங்கள் உண்டு. ஒன்றை எழுத இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை. '-பள்ளி'யும் '-அள்ளி'யும் '-தொட்டி'யும் '-சந்திர'மும் கலந்து கிடக்கும் சூளகிரி, தளி, பாகலூர் வட்டாரத்துக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடைக்காது. 2015 சென்னை வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் நீர் நிற்கிறது என்பதை மக்களே குறித்த வரைபடம் இந்தத் தரவின் மேல்தான் எழுந்தது. இடர் நேரத்தில் கூடிய அந்தக் கைகள் பிறகு கலைந்துவிட்டன என்பதும் உண்மை.

கம்பி ஊராட்சி வரை

பாரத்நெட் திட்டத்தின் தமிழ்நாட்டுப் பகுதியைச் செயல்படுத்தும் டான்ஃபினெட் நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டுசெல்லும் பணியில் இறங்கியது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பி.எம்.-வாணி' ஏற்பாட்டின்படி ஒரு தேநீர்க் கடைக்காரர்கூட உரிமமோ கட்டணமோ இன்றிப் பொது வைஃபை நடத்தலாம். ஆக, சட்டத்தில் தடை குறைவு. ஆனால் கம்பி ஊராட்சி அலுவலகத்தில் வந்து நின்ற பின் அதை ஊரார் எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு இந்த அறிவிப்புகளில் இல்லை. சான்றிதழ் பதிவிறக்கவும் கட்டணம் செலுத்தவும் என்றால் அது வாங்கும் இணையம். அதில் எழுதும் இடம் எது?

எல்லைக்கு அப்பால், துமகூரு மாவட்டம் தேவராயனதுர்காவில் ஒரு மாற்று முயற்சி நடந்து வருகிறது. பெங்களூரைச் சேர்ந்த ஜனஸ்து என்ற அமைப்பு ஊராரே பராமரிக்கும் வைஃபை வலைப்பின்னலை அங்கே அமைத்தது. வெளியிணையம் இல்லாத போதும் ஊருக்குள் ஒலிப்பதிவுகளைப் பகிர அது உதவும். எழுத்து பழகாதவர்கள் தம் பேச்சைப் பதிந்து, அதற்குப் படத்தாலும் சொல்லாலும் குறிச்சொல் இடும் கருவியையும் அவர்கள் உருவாக்கினார்கள். இதைக் கண்டவுடன் எல்லா ஊரிலும் செய்யலாம் என்று சொல்லிவிட முடியாது. கோபுரத்தில் குரங்கு ஏறினாலும் மின்கலம் தீர்ந்தாலும் சரிசெய்ய ஊரில் ஓர் ஆள் வேண்டும். மூன்று ஷிப்ட் ஓடும் ஊரில், பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து அறைக்குத் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் அந்த நேரம் இல்லை. திறந்த இணையம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இந்த நேரக் கணக்கைத் தொடுவதே இல்லை. தன்னார்வம் என்பது ஓய்வுள்ளவரின் செல்வம்.

ஆனால் ஒலி என்ற வழி ஒசூர்ப் பகுதிக்கு நேராகப் பொருந்துகிறது. இங்கே பலர் ஒரு மொழியில் பேசி, இன்னொன்றில் படித்து, மூன்றாவதில் வேலை பார்க்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பை எட்டியபோது கன்னட, தெலுங்கு வழி மாணவர்கள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் வரை போன பகுதி இது. எழுதச் சொன்னால் தயங்குபவர் பேசச் சொன்னால் தயங்குவதில்லை. வார விடுமுறையில் பத்து நிமிடம் போதும். கெலவரப்பள்ளியின் நுரையைப் பற்றி மதகருகே ஒருவர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசிய பதிவை எந்த மொழி விக்கிப்பீடியாவில் வைப்பது என்ற ஐயம் எழலாம். விக்கிமீடியா பொதுவகத்துக்கு மொழிப் பிரிவு கிடையாது. பதிவேற்றும் படிவத்தில் தேதி, இடம், ஆக்கியோர், உரிமம், விளக்கம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். விளக்கத்தை எத்தனை மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம்.